போட் மெயில் போன பழைய லைனை நீங்களே போய் பார்க்குறது எப்படி: மண்டபம் டூ தனுஷ்கோடி

ராமேஸ்வரம் போறவங்க பாம்பன் பாலம் வந்ததும் ஜன்னல் வழியா போனை நீட்டி வீடியோ எடுப்பாங்க, ரெண்டு நிமிஷம் கடல், அப்புறம் பாம்பன் ஸ்டேஷன், அவ்ளோதான், அடுத்து கோயில் தீர்த்தம்னு போயிடுவாங்க. நானும் முதல் மூணு தடவை அப்படித்தான் போனேன். நாலாவது தடவை மட்டும் இந்த ரயில்வே ஏன் வந்துச்சு, யாருக்காக வந்துச்சுன்னு கொஞ்சம் படிச்சுட்டு போனேன், அன்னைக்கு அந்த ஊரே வேற மாதிரி தெரிஞ்சது. அதே மாதிரி நீங்களும் பார்க்கணும்னா என்ன பண்ணணும், எங்க இறங்கணும், எதை எந்த கண்ணால பார்க்கணும்னு எழுதி வைக்கிறேன். ரெண்டு நாள் போதும், கோயிலும் சேர்த்துதான்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் மண்டையில ஏத்திக்கோங்க. போட் மெயில்னா மெட்ராஸ்ல இருந்து தனுஷ்கோடி வரைக்கும் வந்து, அங்க கொழும்பு போறவங்களை கப்பல்ல ஏத்தி விட்ட ரயில். இந்த லைன் ராமேஸ்வரத்துக்காக போட்டது இல்ல, கொழும்புக்காக போட்டது. ராமநாதசாமியை பார்க்க வர்ற கூட்டம் வெள்ளைக்காரனுக்கு ஒரு சைடு வருமானம், அவ்ளோதான். அவனுக்கு வேண்டியது இலங்கை தேயிலை தோட்டத்துக்கு ஆளு, சாமான், தபால், அப்புறம் மெட்ராஸ்ல இருந்து கொழும்பு போற துரைமாருங்க. இதை மனசுல வச்சுக்கிட்டு பார்த்தீங்கன்னா ஸ்டேஷன் ஏன் அங்க இருக்கு, பாம்பன் ஏன் ஜங்ஷன், மண்டபத்துக்கு பக்கத்துல கேம்ப்னு ஏன் ஒரு ஊரு எல்லாத்துக்கும் பதில் வந்துடும்.

முதல் வேலை வீட்டுல உக்காந்தே செய்யலாம். போன்ல மேப்பை திறந்து ராமேஸ்வரம் தீவை நல்லா பெருசு பண்ணி பாருங்க. பெரியவங்க சங்கு வடிவம்னு சொல்லுவாங்க, மேற்கால தலை, தென்கிழக்கால நீளமா ஒரு வால், அந்த வால் நுனி நேரா இலங்கையை பார்த்து நீட்டிட்டு இருக்கும். நுனிக்கு அப்பால திட்டு திட்டா மணல், அதுதான் ராமர் பாலம்னு சொல்றது, அந்தப் பக்கம் மன்னார் தீவு, அதோட மேற்கு நுனிதான் தலைமன்னார். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இப்ப ஒரு ரயில்வே இன்ஜினியரா யோசிங்க, இலங்கைக்கு ரொம்ப குறைச்சலான கடல் எங்க இருக்கு? தனுஷ்கோடியில. அங்க இருந்து தலைமன்னாருக்கு ஸ்டீமர் போற தூரம் 35 கிமீ போலத்தான். அப்ப தண்டவாளம் கோயிலுக்கு போகுமா வால் நுனிக்கு போகுமா? அதான் மேட்டர்.

அதுக்கு முன்னாடி எப்படி போனாங்கன்னும் தெரிஞ்சுக்கணும், இல்லன்னா இதோட அருமை புரியாது. தூத்துக்குடிக்கு 1870கள்லயே ரயில் வந்துடுச்சு, கொழும்பு போறவங்க அங்க இறங்கி கப்பல் ஏறுவாங்க. ஆனா தூத்துக்குடி கரையில ஆழம் கிடையாது, பெரிய கப்பல் மைல் கணக்குல தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும், சின்ன படகுல போய் ஏறணும், அப்புறம் ராத்திரி பூரா கடல், வாந்தி எடுத்துட்டே போகணும். வ.உ.சி. 1906ல சுதேசி கப்பல் கம்பெனி ஆரம்பிச்சு வெள்ளைக்காரன் கம்பெனியோட போட்டி போட்டது இதே தூத்துக்குடி கொழும்பு ரூட்லதான், அந்த ரூட்ல அவ்ளோ பணம் புரண்டுச்சு. இந்தப் பக்கம் பாம்பன்ல சின்ன கப்பல் போக்குவரத்து ரொம்ப காலமா உண்டு, விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்னைக்கு இலங்கையில இருந்து வந்து இறங்கினது பாம்பன்லதான், ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி நேர்ல போய் வரவேற்றார். அப்போ பாலமும் இல்ல, மண்டபத்துக்கு ரயிலும் இல்ல. மதுரையில இருந்து மண்டபம் வரைக்கும் லைன் வந்தது 1902ல. அதுக்கப்புறம் பன்னெண்டு வருஷம் மண்டபத்துல இறங்கி படகுலதான் பாம்பன் போகணும்.

சரி, டிரெயின். சென்னைக்காரங்கன்னா எழும்பூர்ல இருந்து ராத்திரி கிளம்புற ராமேஸ்வரம் வண்டியில போங்க, அதை இன்னும் ரயில்வேக்காரங்க, பழைய ஆளுங்க போட் மெயில்னுதான் சொல்றாங்க. போட்டும் இல்ல, மெயிலும் இல்ல, பேரு மட்டும் நூறு வருஷம் தாண்டியும் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒரு சின்ன திருத்தம், இப்ப வண்டி திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரைன்னு நேரா போகுது பாருங்க, 1914ல அந்த வழி கிடையாது, அந்த துண்டு லைன் எல்லாம் 1929, 30ல வந்தது. அப்ப மதுரையை சுத்திதான் போகணும். அதனால அசல் பழைய ரூட்லயே போகணும்னு அடம்பிடிக்கிற ஆளா இருந்தா மதுரை வரைக்கும் ஒரு வண்டி, அங்க இருந்து ராமேஸ்வரம் பாசஞ்சர் பிடிங்க. நான் பாசஞ்சரைத்தான் சொல்வேன், காசும் கம்மி, எல்லா ஸ்டேஷன்லயும் நின்னு நின்னு போகும், நமக்கு வேண்டியது அதுதானே.

உச்சிப்புளி தாண்டினதும் முழிச்சுக்கோங்க. அடுத்து வர்றது மண்டபம் கேம்ப். நிறைய பேர் இதை மிலிட்டரி கேம்ப்னு நினைக்கிறாங்க, இல்ல. இலங்கை தோட்டத்துக்கு கங்காணி, அதாவது ஆள் சேர்க்குற மேஸ்திரி, கூட்டிட்டு போற ஆளுங்களை நிறுத்தி வச்ச கேம்ப் இது, நம்ம மண்ணுல இருந்தாலும் நடத்தினது இலங்கை சர்க்கார். காலரா, அம்மை, பிளேக்னு எதையாவது கொண்டு வந்துடுவாங்கன்னு பயம், அதனால திருச்சி, சேலம், புதுக்கோட்டை பக்கத்துல இருந்தெல்லாம் குடும்பம் குடும்பமா வந்தவங்களை இங்க இறக்கி, குளிக்க வச்சு, துணியை ஆவியில போட்டு எடுத்து, அம்மை குத்தி, சில நாள் அடைச்சு வச்சு பார்த்துட்டுதான் கப்பலுக்கு அனுப்புவாங்க. இதுக்கு முந்தின தலைமுறை மன்னார்ல இறங்கி காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நடந்தே போச்சு, வழியிலயே செத்தவங்க கணக்கு வழக்கு இல்ல. ரயிலும் ஸ்டீமரும் வந்தது அந்த நடையை நிறுத்துச்சு, அது உண்மை, ஆனா ஆளை அள்ளிட்டு போற வேகத்தையும் கூட்டுச்சு. அவ்ளோ துட்டு போட்டு பாலம் கட்டினது எதுக்குன்னு யாராவது கேட்டா இந்த ஸ்டேஷன் போர்டை காட்டுங்க. பின்னாடி 1980கள்ல இலங்கையில இருந்து அகதியா வந்தவங்களை தங்க வச்சதும் இதே மண்டபம் கேம்ப்லதான், அது தனியா எழுத வேண்டிய கதை. கேம்ப் உள்ளே எல்லாம் போக முடியாது, இப்பவும் ஆளுங்க குடியிருக்குற இடம், கேமராவை தூக்கிட்டு எட்டிப் பார்க்காதீங்க, ஸ்டேஷன்ல நின்னு அந்த பேரை பார்த்தா போதும்.

அடுத்த ஸ்டேஷன் மண்டபம். இங்க இறங்கிடுங்க. பாலத்தை டிரெயின்ல இருந்து பார்க்க முடியாது, டிரெயின் பாலத்து மேலதானே போகுது, கீழ என்ன இருக்குன்னு எப்படி தெரியும். ஆட்டோவோ பஸ்ஸோ பிடிச்சு ரோட்டு பாலத்துக்கு போங்க, அதான் 1988ல திறந்த இந்திரா காந்தி பாலம். பஸ்ல பாம்பன் முனைக்கு போய் இறங்கி திரும்ப நடந்து வர்றது நல்லது, பாலத்து நடுவுல வண்டியை நிறுத்தினா போலீஸ் வந்து சத்தம் போடும். காலை ஏழு மணிக்குள்ள போயிடுங்க, அப்புறம் வெயிலும் கூட்டமும் சேர்ந்து ஆளை தள்ளிடும். கச்சான் காத்து (மேற்கு பக்கமா இருந்து பலமா வர்ற காத்து) அடிக்கிற மாசம்னா தொப்பி, துப்பட்டா, செருப்பு எல்லாம் பத்திரம்.

அங்க நின்னு பார்த்தா ரெண்டு ரயில் பாலம் பக்கத்து பக்கத்துல தெரியும். நடுவுல ரெண்டு கோபுரம் மாதிரி நின்னு இடையில உள்ள பாகம் லிப்ட் மாதிரி நேரா மேல போற மாதிரி இருக்கே, அது 2025 ஏப்ரல் 6ல திறந்த புதுசு. நமக்கு வேண்டியது பக்கத்துல துருப்பிடிச்சு நிக்கிற கிழவன். அதுல 2022 டிசம்பரோட டிரெயினை நிறுத்திட்டாங்க. பிரிச்சு எடுக்குற பேச்சு ஓடிட்டே இருக்கு, அதனால போறதுக்கு முன்னாடி இப்ப எவ்ளோ மிச்சம் நிக்குதுன்னு ஊர்ல யார்கிட்டயாவது கேட்டுட்டு கிளம்புங்க, அப்புறம் என்னை திட்டாதீங்க.

பழைய பாலத்தை எப்படி பார்க்கணும்னா முதல்ல தூணை எண்ண ஆரம்பிங்க. ஒரு இருபது வரைக்கும் எண்ணிட்டு விட்டுடுவீங்க, நானும் அப்படித்தான், ஆனா அதுக்குள்ள ஒண்ணு புரியும், எல்லா கண்ணும் (ரெண்டு தூணுக்கு நடுவுல உள்ள இடைவெளி) ஒரே அளவு, ஒவ்வொண்ணும் 40 அடி. அதை மாதிரி 145 கண்ணு, நடுவுல ஒரே ஒரு பெரிய கண்ணு, அதுதான் தூக்கு பாலம். மொத்தம் 2 கிமீ தாண்டி நீளம். 1911ல வேலை ஆரம்பிச்சு 1914 பிப்ரவரி 24ல திறந்துட்டாங்க, மூணு வருஷம் கூட முழுசா ஆகல. எல்லாமே ஒரே சைஸ்ல இருந்தது எவ்ளோ புத்திசாலித்தனம்னு அம்பது வருஷம் கழிச்சு தெரிஞ்சது, அதுக்கு அப்புறம் வரேன்.

தூக்கு பாலத்துக்கு வருவோம். பாம்பன் கால்வாய் வழியா கப்பல் போகணும், தண்டவாளமோ தண்ணிக்கு கொஞ்சம் மேலதான் இருக்கு, ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்? சிகாகோவுல ஷெர்சர்னு ஒரு இன்ஜினியர் கண்டுபிடிச்ச உருட்டி தூக்குற பாலம்தான் விடை. இங்கிலாந்துல ஹெட் ரைட்சன்னு ஒரு கம்பெனியில செஞ்சு கப்பல்ல கொண்டு வந்து மாட்டினாங்க. 225 அடி நீளம், ரெண்டு இறக்கை, ஒவ்வொரு இறக்கையும் 400 டன்னுக்கு மேல. அடிப்பக்கத்தை நல்லா ஜூம் பண்ணி பாருங்க, குழந்தைங்க ஆடுற மரக்குதிரைக்கு அடியில வளைஞ்ச கட்டை இருக்குமே அதே மாதிரி வளைவா இருக்கும். இறக்கை மேல எழும்பும்போது அந்த வளைவு பின்னால உருண்டு போகும், அதனால இறக்கை மேலயும் போகுது, பின்னாலயும் நகருது, கப்பலுக்கு நடுவுல முழு வழியும் கிடைச்சிடும். இவ்ளோ கனத்தை எந்த மோட்டார் தூக்குச்சுன்னு கேட்டா, மோட்டாரே கிடையாது. கிணத்து ஏத்தம் பார்த்திருக்கீங்களா, இந்தப் பக்கம் சாலு, அந்தப் பக்கம் கல்லு கட்டியிருப்பாங்க, கனம் சமமா இருக்குறதால ஒரு ஆள் அசால்ட்டா இறைப்பார். அதே கணக்குதான், பின்னாடி எடைக்கட்டு சமமா வச்சிருந்ததால ஆளுங்க நின்னு கம்பியை பிடிச்சு சுத்தி சுத்தி பல்சக்கரத்தை ஓட்டியே திறந்தாங்க. ஒரு நூறு வருஷம் மனுஷ கையாலதான் அந்த பாலம் திறந்து மூடுச்சு. எனக்கு புது பாலத்தை விட இதுதான் அதிசயம், புதுசுல பட்டனை அமுக்குறாங்க, இதுல என்ன இருக்கு.

இங்க ஒரு எச்சரிக்கை, யூடியூப்ல தூண் கணக்கு 143ம்பான், 145ம்பான், 146ம்பான். கண்ணு, தூணு, தூக்கு பாலத்தை சேர்த்து, சேர்க்காமன்னு ஆளுக்கு ஒரு மாதிரி எண்ணுறதால வர்ற குழப்பம் அது, அதுக்கு போய் கமெண்ட்ல சண்டை போட வேண்டாம்.

பாலம் முடிஞ்சு பாம்பன் ஸ்டேஷனுக்கு வாங்க. இப்ப பார்த்தா சாதாரண சின்ன ஸ்டேஷன், ரெண்டு நாய் படுத்திருக்கும். ஆனா பழைய ஆளுங்க பாம்பன் ஜங்ஷன்னு சொல்லுவாங்க, ஏன்னா இங்கதான் லைன் ரெண்டா பிரிஞ்சது, ஒண்ணு தங்கச்சிமடம் வழியா ராமேஸ்வரத்துக்கு, இன்னொண்ணு தென்கிழக்கால தனுஷ்கோடிக்கு. இதுல எது மெயின் எது கிளை? இன்னைக்கு யாரை கேட்டாலும் ராமேஸ்வரம் மெயின்னுதான் சொல்லுவாங்க. அன்னைக்கு தலைகீழ். போட் மெயில் நேரா தனுஷ்கோடி போயிடும், சாமி கும்பிட வந்தவங்க பாம்பன்ல மூட்டை முடிச்சோட இறங்கி வண்டி மாறணும். அந்த ஸ்டேஷன்ல பத்து நிமிஷம் உக்காந்து இதை மட்டும் யோசிச்சு பாருங்க, நான் ஆரம்பத்துல சொன்ன கொழும்பு விஷயம் சரியா விளங்கும். முடிஞ்சா அங்க டீக்கடையில எழுபது தாண்டின ஆள் யாராவது இருந்தா பேச்சு கொடுங்க, "ஐயா நீங்க தனுஷ்கோடிக்கு ரயில்ல போயிருக்கீங்களா"ன்னு மட்டும் கேளுங்க, போதும், அப்புறம் நீங்க பேச வேண்டியதே இருக்காது. எனக்கு கிடைச்ச தாத்தா சின்னப் பையனா இருக்கும்போது டிக்கெட் இல்லாம போய் கருவாடு வாங்கிட்டு வந்த கதையை முக்கால் மணி நேரம் சொன்னார், டீக்கு காசு கொடுக்க விடல.

அன்னைக்கு ராமேஸ்வரத்துல ரூம் போட்டு தூங்குங்க, கோயில் எல்லாம் முடிச்சுக்கோங்க. மறுநாள் விடிஞ்சதும் தனுஷ்கோடி. ரோடு 2017ல இருந்து அரிச்சல்முனை, அதாவது தீவோட வால் நுனி வரைக்கும் போகுது, பஸ்ஸே இருக்கு, முன்ன மாதிரி மீன் வண்டியில மணல்ல குலுங்கி குலுங்கி போக வேண்டியது இல்ல. தண்ணி பாட்டில் கண்டிப்பா எடுத்துக்கோங்க, நிழல்னு சொல்ல ஒரு மரம் கிடையாது, சாயங்காலம் ஆச்சுன்னா ஆளை வெளியே அனுப்பிடுவாங்க.

எல்லாரும் நேரா அரிச்சல்முனை ஓடுவாங்க, நீங்க முன்னாடியே பழைய ஊர்கிட்ட இறங்குங்க. இடிஞ்ச சர்ச் எல்லாருக்கும் தெரியும், அதை கடந்து ரயில்வே கட்டடங்களை தேடுங்க, ஸ்டேஷனோட மிச்சம், தண்ணி தொட்டி, குவார்ட்டர்ஸ் சுவர். சுவரை கிட்ட போய் பாருங்க, செங்கல்லு மட்டும் இல்ல, பவளப் பாறை கல்லும் சேர்ந்திருக்கும், கையில தொட்டா சொரசொரன்னு ஓட்டை ஓட்டையா இருக்கும். உடைச்சு எடுத்துட்டு வராதீங்க. இப்ப நீங்க நிக்கிற இடம் மணல்காடு, ஆனா 1914ல இருந்து அம்பது வருஷம் இது ஒரு சின்ன போர்ட் டவுன், கஸ்டம்ஸ் ஆபீஸ், போஸ்ட் ஆபீஸ், ஸ்கூல் எல்லாம் இருந்துச்சு. மெட்ராஸ்ல ஒரே டிக்கெட்டா கொழும்பு வரைக்கும் எடுத்துடலாம், வண்டி இங்க வந்து நின்னதும் இறங்கி ஸ்டீமர்ல ஏறணும். தென்னிந்திய ரயில்வே கம்பெனியே சொந்தமா ஸ்டீமர் வச்சிருந்துச்சு, கர்சன், எல்ஜின், ஹார்டிங்னு வைஸ்ராய்ங்க பேரையே வச்சிருந்தாங்க, பின்னாடி இர்வின், கோஷன்னு வந்தது. ரெண்டு மூணு மணி நேரத்துல தலைமன்னார், அங்க கப்பல் பாலத்துக்கிட்டயே இலங்கை ரயில் நிக்கும், மதவாச்சி, அனுராதபுரம் வழியா மறுநாள் காலையில கொழும்பு கோட்டை. தூத்துக்குடியில வாந்தி எடுத்த கதையோட இதை ஒப்பிட்டு பாருங்க.

ரயில் பெட்டியையே கப்பல்ல ஏத்தி அந்தப் பக்கம் இறக்கி இருக்கலாமேன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. அங்கதான் சிக்கல், நம்ம பக்கம் மீட்டர் கேஜ் (குறுகலான தண்டவாளம்), இலங்கையில பிராட் கேஜ் (அகலமான தண்டவாளம்), ரெண்டு பக்கமும் ஆண்டது ஒரே ராஜா, தண்டவாளம் மட்டும் ஒத்து வரல. கடல்ல முழுசா பாலம் கட்டி ரயிலை நேரா விடணும்னு கூட யோசனை இருந்துச்சு, செலவை பார்த்துட்டு கைவிட்டாங்க, அதனாலதான் பாம்பன்ல பாலம், மீதிக்கு ஸ்டீமர்னு பாதிக்கு பாதி திட்டமா முடிஞ்சது.

முடிவு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், சுருக்கமா சொல்லிடுறேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல பாம்பன்ல இருந்து கிளம்பின 653ம் நம்பர் பாசஞ்சர் தனுஷ்கோடி கிட்ட வரும்போது கடல் மேல ஏறி, 100 பேருக்கு மேல அதுல போயிட்டாங்க, ஒருத்தர் கூட மிஞ்சல. பாம்பன் பாலத்துல 126 கர்டர் (தூண் மேல தண்டவாளத்தை தாங்குற இரும்பு உத்தரம்) கடல்ல விழுந்துச்சு, தூக்கு பாலம் அசையாம நின்னுச்சு. ஸ்ரீதரன்னு ஒரு இளம் இன்ஜினியர், அவர்தான் பின்னாடி டெல்லி மெட்ரோ கட்டினவர், கடல்ல விழுந்த கர்டரையே தேடி தூக்கி மறுபடி மாட்டி 46 நாள்ல வண்டியை ஓட விட்டார். எல்லாம் ஒரே அளவுன்னு சொன்னேன்ல, எந்த கர்டரை எந்த கண்ணுல வச்சாலும் பொருந்தும், அந்த 46 நாளுக்கு பாதி காரணம் அதுதான்னு நான் நினைக்கிறேன். ஆனா தனுஷ்கோடி லைனை திரும்ப போடல. ஸ்டீமர் ராமேஸ்வரத்துக்கு மாறி, 80கள்ல இலங்கையில சண்டை ஆரம்பிச்சதும் அதுவும் நின்னு போச்சு. கிளையா இருந்த ராமேஸ்வரம் அப்பதான் மெயின் ஆச்சு.

கடைசியா அரிச்சல்முனை. போறதுக்கு முன்னாடி போன்ல டேட்டா ரோமிங்கை ஆஃப் பண்ணிடுங்க, அங்க சில சமயம் இலங்கை டவர் பிடிச்சு வரவேற்பு மெசேஜ் வரும், பில் எகிறிடும்.

இந்த லைனோட மறு பாதியையும் பார்த்தே ஆகணும்னு ஆசை வந்துடுச்சுன்னா, போர்ல அழிஞ்சு போன மதவாச்சி தலைமன்னார் லைனை திரும்ப போட்டு 2015ல திறந்துட்டாங்க, கொழும்பு கோட்டை ஸ்டேஷன்ல ஏறினா தலைமன்னார் இறங்குதுறை வரைக்கும் போகலாம், பழைய கப்பல் பாலத்தோட மிச்சமும் லைட் ஹவுஸும் அங்க நிக்குது. ஆனா அரிச்சல்முனையில இருந்து தலைமன்னார் பக்கத்துலதான்னாலும் இங்க இருந்து நேரா போக வழி கிடையாது, ஒண்ணு சென்னைக்கு திரும்பி போய் கொழும்புக்கு பிளைட் ஏறணும், இல்ல நாகப்பட்டினம் போய் காங்கேசன்துறை கப்பல் ஓடுதான்னு விசாரிச்சு ஏறி, யாழ்ப்பாணத்துல இருந்து மன்னாருக்கு பஸ் பிடிக்கணும். பாஸ்போர்ட், விசா எல்லாம் முன்னாடியே பார்த்துக்கோங்க, மழை மாசத்துல அந்த கப்பல் அடிக்கடி கேன்சல் ஆகும்.